நான்காவது கோடு

தூரிகையின் பாதை – 14

சென்ற வாரம் கியோட்டோவின் ரியோவான்ஜி கோயிலில் கதையை நிறுத்தியிருந்தோம். 1952 ஜனவரியில் மோரிட்டா ஷிர்யு, இனோவே யுவிச்சி உள்ளிட்ட ஐந்து எழுத்தோவியர்கள் அங்கே கூடினார்கள். பழைய ஆசான்களின் சங்கங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ‘போகுஜின்கை’ என்ற புதிய குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு ஏழு மாதம் முன்பு மோரிட்டா ஆரம்பித்த ‘போகுபி’ இதழின் முதல் அட்டையிலேயே நியூயார்க் ஓவியர் ஃபிரான்ஸ் க்ளைனின் கறுப்பு வெள்ளைப் படம் வந்திருந்தது. மையும் தூரிகையுமாக ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்துவந்த ஒரு கலை, கடல் தாண்டிக் கைகுலுக்கத் தயாராகிவிட்டது என்பதற்கு அந்த அட்டையே அத்தாட்சி.

கூடிய ஐவரும் ஆண்கள். பிற்பாடு வந்த வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அவர்களைச் சுற்றியே எழுதப்பட்டன. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1956-க்குப் பிறகு அவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கவில்லை. கிமோனோ அணிந்து, தரையில் விரித்த தாளில், எந்த எழுத்தையும் எழுதாத கோடுகளை இழுத்தபடி நூற்றேழு வயது வரை வாழ்ந்தார். அவர் பெயர் டோகோ ஷினோடா.

ஜப்பானிய மரபிலிருந்து ஊக்கம் பெற்ற அருவ ஓவியர் என்றதும், கீழ்த்திசையை நோக்கிப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரரைத்தான் கலை வரலாறு முதலில் நினைவுபடுத்தும். அப்படிப்பட்டவர்கள் உண்டு, அவர்களும் இந்தத் தொடரில் வருவார்கள். ஆனால் மரபு என்பது வெளியிலிருந்து வந்து எடுத்துக்கொள்கிறவருக்கு ஒரு விதமாகவும், அதற்குள்ளேயே பிறந்து அதோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வேறு விதமாகவும் கை கொடுக்கிறது. இரண்டாவது வகைக்கு ஷினோடாவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

*

ஷினோடா பிறந்தது ஜப்பானில் அல்ல. 1913 மார்ச் 28 அன்று, அப்போது ஜப்பானின் குத்தகைப் பகுதியாக இருந்த சீனத்துறைமுக நகரமான டாலியனில் பிறந்தார். அப்பா அங்கே ஒரு புகையிலைத் தொழிற்சாலையை நிர்வகித்து வந்தார். ஏழு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. குழந்தைக்கு நடை பழகும் முன்னரே குடும்பம் டோக்கியோவுக்குத் திரும்பிவிட்டது.

தொழில் புகையிலை என்றாலும் அந்த வீட்டின் காற்றில் கலந்திருந்தது மை வாசம்தான். அப்பாவுடைய மாமன் முறைப் பெரியவர் ஒருவர் மெய்ஜி பேரரசருக்கு அரச முத்திரைகள் செதுக்கிக் கொடுத்தவர், எழுத்தோவியத்திலும் கைதேர்ந்தவர். அவரிடமிருந்து சீனக் கவிதைப் பித்து அப்பாவுக்குத் தொற்றியது, அப்பாவிடமிருந்து மகளுக்கு.

ஜப்பானில் புத்தாண்டின் இரண்டாம் நாள், அந்த ஆண்டின் முதல் எழுத்தைத் தூரிகையால் எழுதுவார்கள். நம் வீடுகளில் விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பதுபோல அது ஒரு மங்கலச் சடங்கு. அப்படி அப்பா தூரிகையைக் கையில் கொடுத்து, ஷினோடா முறையாகப் பழகத் தொடங்கியபோது ஆறு வயது. அன்று பிடித்த தூரிகையை அடுத்த நூறு ஆண்டுகள் அவர் கீழே வைக்கவில்லை.

இங்கே அந்தப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எழுத்தோவியம் கற்பது என்றால் முதலில் பார்த்து எழுதுவது. ஆசான் ஒரு மாதிரியை முன்னால் வைப்பார். பெரும்பாலும் அது நான்காம் நூற்றாண்டுச் சீன மேதை வாங் ஷீஜியின் எழுத்தாகவோ, ஹெயான் காலத்து ஜப்பானியப் பிரபுக்களின் கானா என்னும் அசையெழுத்தாகவோ இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தக் கோடு முதலில், எது அடுத்து, எங்கே அழுத்தம், எங்கே தூக்கு என்பதெல்லாம் விதி. வருடக்கணக்கில் அந்த மாதிரியைப் பார்த்துப் பார்த்து எழுதி, அந்த மேதையின் கை அசைவு தன் கைக்குள் இறங்கிய பிறகுதான் சொந்தக் கையைப் பற்றிப் பேச்சே எடுக்கலாம்.

சிறுமி ஷினோடாவுக்கு அங்கேதான் முட்டிக்கொண்டது. ஆற்றைக் குறிக்கும் சித்திர எழுத்து மிக எளியது. மேலிருந்து கீழாக மூன்று கோடுகள், அவ்வளவுதான். ஆனால் ஆறு என்றால் எவ்வளவு தண்ணீர்! மூன்று கோட்டில் அது எப்படி அடங்கும்? நான்கு கோடு போட்டால் என்ன, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போட்டும் பார்த்தார். நான்காவது கோடு விழுந்த நொடியே அது எழுத்து இல்லை, பிழை. திட்டுதான் கிடைத்தது. பிற்காலத்தில் பேட்டிகளில் இந்தச் சம்பவத்தை அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதையும் இந்த ஒரு கேள்வியின் விரிவாகப் பார்க்கலாம்: எழுத்தின் எல்லைக்கு வெளியே விழும் கோட்டை என்ன செய்வது?

*

பெற்றோர் பார்த்துவைக்கும் திருமணத்தில் அவருக்கு நாட்டமில்லை. இருபதுகளில் எழுத்தோவிய ஆசிரியையாகத் தனியே வாழ்க்கையைத் தொடங்கினார். 1930-களின் டோக்கியோவில் ஒரு பெண் அப்படித் தனித்து வாழ்வது சாதாரண விஷயமில்லை. கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை.

1940-இல் முதல் தனிக் கண்காட்சி. இடம் கின்ஸாவில் உள்ள க்யுக்யோதோ. 1663-இல் கியோட்டோவில் தொடங்கிய அந்த நிறுவனம் ஊதுபத்தி, கைத்தாள், தூரிகை, மை ஆகியவற்றுக்கு இன்றும் பேர்போனது. எழுத்தோவியர் ஒருவருக்கு அதைவிடக் கௌரவமான வாசல் கிடையாது. ஷினோடா அங்கே வைத்தவை பழைய மாதிரிகளின் பிரதிகள் அல்ல. அவர் டான்கா என்னும் முப்பத்தோரு அசைக் கவிதைகளும் எழுதுகிறவர். தன் சொந்தக் கவிதைகளைத் தன் சொந்தக் கையெழுத்து நடையில் எழுதி மாட்டியிருந்தார்.

பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். துடிப்பு இருக்கிறது, ஆனால் வேர் இல்லை என்பது தீர்ப்பு. எந்தப் பழைய மேதையின் வழியில் வந்தது என்று சொல்ல முடியாத எழுத்து, அவர்கள் கணக்கில், ஊர் பேர் இல்லாத எழுத்து.

அந்தத் தீர்ப்பு ஷினோடாவை வாட்டியது. ஆனாலும் திருந்தி மாதிரிக்குத் திரும்பிவிடவில்லை. அதற்குள் போர் முற்றியது. டோக்கியோவை விட்டு வெளியேற நேர்ந்தது. உடன்பிறந்தவர்களில் இருவரைப் பறித்த காசநோய் இவரையும் பிடித்தது. உடம்பு தேற இரண்டாண்டு ஆயிற்று. ஊர் திரும்பியபோது பழைய டோக்கியோ இல்லை. அதன் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்து போயிருந்தது. பழைய தீர்ப்புகளைச் சொன்ன ஆசான்களின் குரலிலும் முன்புபோல் உறுதி இல்லை.

நாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்ததுபோல், அமெரிக்க ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் தொடக்கப் பள்ளியிலிருந்து தூரிகை எழுத்தே விலக்கப்பட்டிருந்தது. இந்தக் கலை எதற்கு என்ற கேள்வி நடுத்தெருவில் நின்றது. 1945-இல் ஹிடாய் நான்கோகு, பழைய முத்திரை எழுத்துகளின் அகராதியிலிருந்து மின்னலைக் குறிக்கும் எழுத்து ஒன்றை எடுத்து, அது வாசிக்க முடியாத கோடுகளாகக் கரையும் வரை கொண்டுபோனார். 1947 வாக்கில் ஷினோடாவும் எழுத்தின் கரையைத் தாண்டிவிட்டார். மை அதேதான், தூரிகை அதேதான், தாள் அதேதான். அங்கே எழுத்து மட்டும் இல்லை.

இந்த ஆண்டை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது அவர் அமெரிக்க அருவ ஓவியம் எதையும் நேரில் பார்த்ததில்லை. க்ளைனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் நியூயார்க்கின் ஈகன் காட்சியகத்தில் முதன்முதலாக மாட்டப்பட்டதே 1950-இல்தான்.

*

எழுத்தை விட்டவர் மையை ஏன் விடவில்லை? இதற்குப் பதில் சொல்ல மை எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

மரபான ஜப்பானிய மை திரவம் அல்ல, கட்டி. அந்நாட்டு மைக்கட்டிகளில் மிகப் பெரும்பங்கு இன்றும் நாரா நகரத்திலிருந்து வருகிறது. அங்குள்ள கோபாயென் என்ற பட்டறை 1577 முதல் நடக்கிறது. எள்ளெண்ணெய், ரேப் எண்ணெய் போன்றவற்றை அகலில் எரித்து, மேலே கவிழ்த்த மூடியில் படியும் கரியைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். இன்னொரு வகைக்குப் பைன் மரத்தை எரித்த கரி. அதில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையைக் கலந்து, வாசனைப் பொருள் சேர்த்து, கையாலும் காலாலும் பிசைவார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் வேலை நடப்பதெல்லாம் குளிர்மாதங்களில். பிசைந்த உருண்டையை மர அச்சில் அழுத்தி எடுத்து, சாம்பலுக்குள் புதைத்து, ஈரச் சாம்பலிலிருந்து உலர்ந்த சாம்பலுக்கு நாள்தோறும் மாற்றி மாற்றி ஈரத்தை மெல்ல இறக்குவார்கள். அவசரப்பட்டால் கட்டி வெடித்துவிடும்.

எண்ணெய்க் கரியில் செய்த மை தண்ணீரில் நெகிழும்போது லேசான பழுப்புச் சாயல் காட்டும். பைன் கரியில் செய்தது நீலத்துக்குச் சாயும். மைக்கட்டி பழசாகப் பழசாக அதிலுள்ள பசையின் பிடி தளர்கிறது. அப்போது மை தாளில் இன்னும் மிருதுவாகப் பரவும். அதனால்தான் நூற்றாண்டுகள் பழைய சீன மைக்கட்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஷினோடாவும் மிங் காலத்து மைக்கட்டிகளைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்.

வேலை தொடங்கும்போது மைக்கல்லின் குழியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டியை நிதானமாக உரசுவார். அழுத்தித் தேய்த்தால் துகள் கரடாகும். உரசும் நேரம், தண்ணீரின் அளவு, அன்றைய வெக்கை இவை சேர்ந்துதான் அன்றைய கறுப்பைத் தீர்மானிக்கின்றன. பிறகு தூரிகை. அதில் ஆடு, குதிரை, நரி என்று பல விலங்குகளின் ரோமம். ஒவ்வொன்றும் மையைத் தாங்குவதும் விடுவதும் வேறு மாதிரி. கடைசியில் தாள். மல்பெரி இன மரப்பட்டையின் நீண்ட நாரால் செய்த அந்தத் தாள் மையை மேலே நிறுத்திவைக்காது, உள்ளே இழுத்துக்கொள்ளும். தூரிகை ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கம் கறையாகத் தெரியும். ஒரு கோட்டின் மேல் இன்னொன்றை இழுத்தால் இரண்டும் தனித்தனியே தெரியும். அழிக்கவும் முடியாது, பூசி மறைக்கவும் முடியாது.

ஆக, எழுத்தைக் கழற்றிவிட்ட பிறகும் மிஞ்சியிருந்தது சுதந்திரம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு விதி போன இடத்தில் இன்னொரு விதி, அதைவிடக் கறாராக, உட்கார்ந்திருந்தது. முந்தையது ஆசானின் விதி. இது பொருளின் விதி. ஷினோடா முதல் விதியை மீறினார்; இரண்டாவதற்கு ஆயுள் முழுக்கப் பணிந்தார். மரபு என்பதை அவர் எதில் கண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

*

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1954 கோடையில் ஜப்பானிய எழுத்தோவியக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அருங்காட்சியகத் தோட்டத்தில் கட்டடக் கலைஞர் யோஷிமுரா ஜுன்ஸோ வடிவமைத்த மரபான ஜப்பானிய வீடு ஒன்றும் அதே ஆண்டில் எழுந்தது. போர் முடிந்து ஒன்பதே ஆண்டுதான். நேற்றைய எதிரி நாட்டின் வீட்டைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். கண்காட்சியில் ஷினோடாவின் படைப்பும் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு பெல்ஜிய ஓவியர் பியர் அலெஷின்ஸ்கி ஜப்பானுக்கே வந்துவிட்டார். ‘கோப்ரா’ இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் அவர். ‘போகுபி’ இதழ் வழியாக மோரிட்டாவோடு கடிதத் தொடர்பு. வந்தவர் எழுத்தோவியர்கள் வேலை செய்வதைப் படம்பிடித்தார். ‘ஜப்பானிய எழுத்தோவியம்’ என்ற அந்தக் குறும்படத்தில் மோரிட்டாவும் இருக்கிறார், ஷினோடாவும் இருக்கிறார். அலெஷின்ஸ்கி கற்றுக்கொண்டதில் முக்கியமானது உடம்பின் நிலை. ஐரோப்பிய ஓவியர் சட்டகத்தில் நிறுத்திய துணியின் முன் நிற்பார். இங்கே தாள் தரையில் கிடக்கிறது. ஓவியர் அதன் மேல் குனிகிறார். தோளிலிருந்து முழுக்கையும் அசைகிறது. பிற்பாடு அலெஷின்ஸ்கியும் தாளைத் தரையில் விரித்து வரைகிறவராகவே மாறினார்.

1956-இல் ஷினோடா அமெரிக்கா புறப்பட்டார். வயது நாற்பத்து மூன்று. மணமாகாத ஒரு ஜப்பானியப் பெண் தனியே அமெரிக்கா போவது அந்நாளில் லேசில் நடக்கிற காரியமல்ல. கிடைத்த விசா இரண்டு மாதத்துக்கு. அதை நீட்டி, மறுபடி நீட்டி, 1958 வரை நியூயார்க்கை மையமாக வைத்து வாழ்ந்தார், வரைந்தார், காட்சிக்கு வைத்தார். ஊரே அப்போது அருவ வெளிப்பாட்டியத்தின் உச்சத்தில் இருந்தது. அதன் பெரிய ஓவியர்களை நேரில் சந்தித்தார். அவர்களுடைய படங்கள் அவரை ஈர்த்தன. பொல்லாக், ராத்கோ போன்றோரை ஊரறியச் செய்த காட்சியகத்தின் சொந்தக்காரர் பெட்டி பார்சன்ஸ் இவருடைய வேலையைக் கொண்டாடினார். 1960-களிலும் 70-களிலும் அங்கே ஷினோடாவின் தனிக் கண்காட்சிகள் நடந்தன.

நியூயார்க் அவருக்குக் கொடுத்தது என்ன? டோக்கியோவில் அவருடைய படத்தின் முன் நிற்பவர் முதலில் தேடியது எழுத்தைத்தான். இது எந்தச் சொல், எந்த நடை, எந்த ஆசானின் வழி என்று கண் தானாகவே துழாவும். கற்ற கண்ணின் பழக்கம் அது. நியூயார்க்கில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அபூர்வம். கோடு கோடாகவே பார்க்கப்பட்டது. ஊரில் குறையாக எண்ணப்பட்டது அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு கலைஞருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அந்தப் பார்வையாளருக்குக் கோட்டின் பின்னால் இருந்த கிட்டத்தட்ட நாற்பதாண்டுப் பயிற்சியும் தெரியாது என்பது அதன் மறுபக்கம்.

க்ளைனையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அந்நாளின் வழக்கம். இரண்டும் கறுப்பு வெள்ளை, இரண்டும் பெருங்கோடு. கிட்டப்போய்ப் பார்த்தால் உறவு தூரத்து உறவுதான். க்ளைன் சுவருக்குச் சாயம் அடிக்கும் பட்டைத் தூரிகையும் எனாமல் பெயின்டும் கொண்டு வேலை செய்தவர். தொலைபேசி விவரப் புத்தகத்தின் தாள்களில் சின்னச் சின்னதாக வரைந்து பார்த்து, அவற்றிலிருந்து பெரிய படத்துக்குப் போனவர். அவருடைய வெள்ளை, துணியின் வெறுமை அல்ல. அதுவும் பூசப்பட்ட சாயம். கறுப்பின் ஓரத்தை வெள்ளை வெட்டும், அந்த வெள்ளையின் மேல் மறுபடி கறுப்பு ஏறும். ஒரே மூச்சில் அடித்ததுபோல் தெரிவது பல மூச்சில் கட்டியது.

ஷினோடாவின் வெள்ளையோ தாள்தான். தொடாமல் விட்ட இடம். அந்த இடத்தை எங்கே விடுவது என்ற கலையை அவர் ஹெயான் காலத்துக் கானா எழுத்திலிருந்து பெற்றிருந்தார். அக்கால எழுத்தர்கள் ஒரு சிறு சதுரத் தாளில் கவிதையை எழுதும்போது வரிகளை ஒரே உயரத்தில் தொடங்க மாட்டார்கள். ஒரு வரி மேலே தொடங்கும், அடுத்தது பாதியில், மூன்றாவது ஓரத்தில் ஒதுங்கும். நடுவில் பெரிய வெற்றிடம். அந்தச் சிதறலிலிருந்து சொற்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு ஷினோடா ஓவியம்.

க்ளைன் முதலில் ஜப்பானிய நண்பர்களோடு உற்சாகமாகத்தான் கடிதம் எழுதினார். சில ஆண்டுகளில், தன் படத்துக்கும் எழுத்தோவியத்துக்கும் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டார். விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க்கும் 1955-இல் எழுதிய கட்டுரையில் அந்த ஓவியர்களின் வேர்கள் மேற்கிலேயே இருப்பதாக வாதிட்டார். அமெரிக்கா தனக்கென ஒரு தேசியக் கலையை நிறுவிக்கொண்டிருந்த காலம். கடன் வாங்கியதாகப் பேச்சு எழுவதே அவர்களுக்குச் சங்கடம். அந்தக் கணக்குவழக்கில் யாரும் ஷினோடாவிடம் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

*

அவர் நியூயார்க்கிலேயே தங்கியிருக்கலாம். பெயர் வரத் தொடங்கியிருந்தது. திரும்பியதற்கு அவர் சொன்ன முக்கியமான காரணம் ஈரப்பதம்.

நியூயார்க்கின் உலர்ந்த காற்றில் மை தாளில் பட்டதும் காய்ந்துவிட்டது. பரவவில்லை, ஊறவில்லை, ஓரம் மங்கவில்லை. டோக்கியோவின் பிசுபிசுப்பில் மெல்ல மெல்ல நடக்கிற அத்தனையும் அங்கே நடக்கும் முன்பே முடிந்துபோயின. மழைக்காலமும் ஈரக்காற்றும் உள்ள தீவில், அந்தத் தீவின் தாளோடு சேர்ந்து வளர்ந்த மை அது. அதற்குக் கடல் கடந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. கலைக்கு எல்லை கிடையாது என்று மேடையில் பேசுவது சுலபம். மைக்கு உண்டு என்று பட்டறையில் நின்றவருக்குத் தெரிந்தது.

ஊர் திரும்பியவர் டோக்கியோவின் அவோயாமா பகுதியில் வாழ்ந்தபடி வேலையைத் தொடர்ந்தார். 1960 முதல் அச்சுப்பதிவாளர் கிஹாச்சி கிமுராவுடன் சேர்ந்து லித்தோகிராஃப் அச்சுகளும் செய்யலானார். ஜப்பான் என்றால் உலகம் நினைப்பது மரச்செதுக்கு அச்சை. அதை ஏன் எடுக்கவில்லை? மரச்செதுக்கில் ஓவியரின் கோட்டை இன்னொருவர் உளியால் செதுக்குகிறார். தூரிகையின் வேகம் உளியின் வேகமாக மாறிவிடும். லித்தோகிராஃபில் ஓவியர் தூரிகையால் இழுத்த கோடே தகட்டிலிருந்து தாளுக்கு இறங்குகிறது. அச்சாகி வந்த பிறகும் அவர் சும்மா விடுவதில்லை. ஒவ்வொரு பிரதியிலும் ஒரு சிவப்புக் கீற்றோ வெள்ளிக் கோடோ கையாலேயே சேர்ப்பார். அதனால் ஒரே அச்சின் இரண்டு பிரதிகள் அச்சு அசல் ஒன்றாக இருப்பதில்லை.

மைக்குத் துணையாகத் தங்கமும் வெள்ளியும் அவர் படங்களுக்குள் நுழைந்தன. இதற்கும் முன்னோடிகள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தவராயா சோதாட்சு பொன்னிலும் வெள்ளியிலும் கொக்குக் கூட்டத்தை வரைய, அதன் மேல் ஹொன்னாமி கோயெட்சு மையால் கவிதைகளை எழுதிய நீண்ட சுருள் ஒன்று கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் பதின்மூன்றரை மீட்டருக்கு மேல். சில இடங்களில் பறவை முன்னே தெரிகிறது, சில இடங்களில் எழுத்து. அந்தச் சுருளில் எழுத்தும் உண்டு, உருவமும் உண்டு. ஷினோடா இரண்டையும் இறக்கிவைத்துவிட்டு, பளபளக்கும் தளத்தில் கறுப்பு எப்படி நிற்கிறது என்ற ஒன்றை மட்டும் தம்மோடு எடுத்துக்கொண்டார். வெள்ளி கறுத்துப்போகும் என்பதும் அவருக்குத் தெரியும். காலமும் சேர்ந்து வரையட்டும் என்ற துணிவு அதில் இருந்தது.

மரபின் கோட்டைக்குள்ளேயே அவருக்கு அழைப்பு வந்தது 1974-இல். டோக்கியோவின் ஸோஜோஜி, தொகுகாவா ஷோகன்களின் குலக்கோயில். ஆறு ஷோகன்கள் அங்கே அடக்கம். 1945 விமானத் தாக்குதலில் எரிந்த அதன் பெரிய மண்டபம் 1974-இல் புதிதாக எழும்பியது. அந்த வளாகத்துக்காக ஷினோடா தொண்ணூற்றைந்து அடி நீளச் சுவரோவியமும் நகரும் கதவுத் தட்டிகளில் ஓவியங்களும் தீட்டினார். கோயில் தட்டிகளில் பைன் மரமும் புலியும் கொக்கும் வரைந்த நாட்டில், அந்த இடத்தில் உருவமற்ற மைக்கோடுகள் வந்து அமர்ந்தன. முப்பத்து நான்கு வருடம் முன்னால் வேரில்லை என்று ஒதுக்கப்பட்ட கை அது.

*

அதன் பிறகு வந்த பெருமைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1979-இல் மையைப் பற்றிய கட்டுரைத் தொகுப்புக்கு ஜப்பான் கட்டுரையாளர் மன்றத்தின் பரிசு. 1983-இல் ‘டைம்’ இதழ் இவரைப் பிக்காசோவோடு ஒப்பிட்டது. 1996-இல் சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி, 2003-இல் டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் இன்னொன்று. 2015-இல் ‘நூற்று மூன்று வயதில் தெரிந்துகொண்டவை’ என்ற பொருள்பட வெளிவந்த நூல் லட்சக்கணக்கில் விற்றது. பிறந்த உடனே ஒரு வயது என்று எண்ணும் பழைய முறைக் கணக்கு அது. நம் கணக்கில் அப்போது அவருக்கு நூற்றிரண்டு. 2016-இல் அவர் ஓவியத்தோடு அஞ்சல்தலை வந்தது. 2021 மார்ச் 1 அன்று காலமானார். மறு ஆண்டு டோக்கியோ ஒப்பேரா சிட்டி காட்சியகம் அவருடைய முழு வாழ்நாள் வேலையையும் திரட்டிக் காட்டியது.

இத்தனை நீண்ட வாழ்க்கையை நூல்கள் சுருக்கும் விதத்தில்தான் எனக்கு வழக்கு. கிழக்கும் மேற்கும் சந்தித்தன, எழுத்தோவியம் அமெரிக்க அருவத்தோடு கலந்தது, ஷினோடா பிறந்தார் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே அது நிற்காது. எழுத்தைத் துறந்தது 1947 வாக்கில்; நியூயார்க் போனது 1956-இல். அவரை எழுத்திலிருந்து வெளியே தள்ளிய விசை ஜப்பானிய மரபுக்குள்ளேயே இருந்தது. வரிகளைச் சிதறவிட்ட கானா எழுத்தர்களும், பொன்மேல் மையை ஓடவிட்ட கோயெட்சுவும் வாசிப்பையும் பார்ப்பதையும் பிரிக்கும் கோட்டை எப்போதோ மங்கலாக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் சில அடி நடந்தவர் இவர்.

அவரை வேரற்றவர் என்ற 1940-இன் ஆசான்களும், அமெரிக்கப் பாணியில் வரைந்த ஜப்பானியர் என்ற பிற்கால வாய்ப்பாடும் ஒரே தவற்றைச் செய்தன. இரு தரப்பும் மரபை வடிவத்தில் தேடின. ஆசான்களுக்கு வாங் ஷீஜியின் எழுத்து அதில் இல்லை. மற்றவர்களுக்கு அது வாசிக்கும் எழுத்தாகவே இல்லை. மைக்கட்டியை உரசும் பொறுமையும், திருத்த முடியாத ஒற்றைக் கோட்டின் துணிவும், ஈரக்காற்றைத் தேடி ஊர் திரும்பிய பிடிவாதமும் இரு தரப்பின் கணக்கிலும் சேரவில்லை. மரபைத் தொடர்வது யார், உடைப்பது யார் என்று முடிவுகட்டும் முன் வரைகிறவரின் கைக்கும் கருவிக்கும் உள்ள உறவைப் பார்ப்பது நல்லது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் பயணம் போனவர் ஒருவர் உண்டு. 1934-இல் கியோட்டோ அருகே ஒரு ஜென் மடத்தில் போய்த் தங்கி, அங்கிருந்து திரும்பியதும் நியூயார்க்கின் பிராட்வே வீதியை வெள்ளைக் கோடுகளின் பின்னலாக வரைந்த அமெரிக்கர் மார்க் டோபி. ஷினோடா எழுத்தைக் கீழே வைத்தார் என்றால், வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தை டோபி எடுத்துக்கொண்டு போனார். அதை வைத்து அவர் என்ன செய்தார், பொல்லாக்குக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)